கை எண்ணிய பாண்டியம்மாள்

போன வியாழக்கிழமை பரமக்குடிப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் அக்காவின் மகள் கைபேசியில் அழைத்தாள். "அம்மா விடியக்காலம் போயிருச்சு மாமா." டீயை அப்படியே வைத்துவிட்டுக் கமுதி வண்டியில் ஏறினேன்.

எங்கள் மிளகாய்ப்பொடி ஆலையில் அக்கா பொட்டலம் அடுக்கியவர்; நான் எலக்ட்ரீஷியன். காற்றழுத்தத்தில் பொட்டலங்களைப் பெட்டிக்குள் தள்ளிய பழைய கருவியை எடுத்துவிட்டு, மோட்டாரில் ஓடும் சறுக்குத் தட்டு ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து பொருத்தினார்கள். பழையது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்தான் போகும். இது சொன்ன இடத்தில் மயிரிழை பிசகாமல் நிற்கும். ஆனால் மின்சாரம் போய்வந்தால், தான் எங்கே நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துவிடும். நாலைந்து நொடி விழித்துவிட்டு, யாரையும் கேட்காமல் விறுட்டென்று தன் தொடக்க இடத்துக்கு ஓடும். நம்மூரில் மின்சாரம் எத்தனை தடவை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். போனதும் சிக்கிய பொட்டலத்தை எடுக்கப் பெண்கள் உள்ளே கைவிடுவார்கள்.

ஐ.டி.ஐ. படித்த எனக்கு இதிலிருந்த ஆபத்து உறைக்கவில்லை. மிளகாய்க் காட்டுக் கூலி வேலையிலிருந்து நேரே வந்த அக்காவுக்கு முதல் வாரமே உறைத்தது. மின்சாரம் திரும்பி விளக்கு எரிந்ததும் "கை!" என்று கத்துவார். ஆறு பெண்களும் இரண்டு கைகளையும் தூக்கவேண்டும். நிறுத்தும் சிவப்புப் பொத்தானருகே நின்று எண்ணுவார். "என்னக்கா, பள்ளிக்கூடப் பிரேயரா?" என்று நக்கலடிப்பேன். "சிரிங்க தம்பி. வெரலு போனா எந்தக் கடையில வாங்குவீக?" என்பார். நான் கை தூக்கியதே இல்லை.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிருந்தது. மிளகாய்த்தூள் அப்பிய சென்சாரைத் துடைக்க, இடக்கையில் டார்ச்சோடு குனிந்து, வலக்கையைத் தட்டின் பாதையில் விட்டிருந்தேன். மெயினை அணைக்கவில்லை. சோம்பேறித்தனம், அதைவிடத் திமிர். விளக்கு எரிந்தது. "கை!" என்ற குரல் கேட்டது. உடனே, "ஒண்ணு கொறையுதுடீ!" என்ற அலறலும் பொத்தானை அறைந்த சத்தமும். தட்டு என் மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது.

"ஏலே, எடுலே கைய!" அதுவரை என்னைத் தம்பி என்றே அழைத்தவர்.

கையை வெளியே எடுத்தபின் கேட்டேன். "நாந்தேன் தூக்குறதே இல்லையே, எப்பிடிக்கா தெரிஞ்சுச்சு?"

"நீங்க தூக்காட்டி என்ன? மொத நாள்லயிருந்து ஒங்க ரெண்டு கையவும் தேடிப் பாத்து, சேத்துத்தேன் எண்ணுறேன்."

நான் கேலி செய்த அத்தனை நாளும் எண்ணியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனுஷி! அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

மின்சாரம் வந்தாலும், புதிதாக வைத்த பச்சைப் பொத்தானை அழுத்தாமல் தட்டு நகராதபடி அன்றே வயரிங்கை மாற்றிக் காட்டினேன். "நல்லது தம்பி. ஒங்க வயரு ஒங்களுக்கு, என் எண்ணிக்க எனக்கு" என்றார். ஆலையை விட்டுப் போகும்வரை எண்ணினார். மறுநாளிலிருந்து நானும் கை தூக்கினேன்.

கமுதி மயானத்தில் உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தபின், தள்ளி நின்ற என்னை அவருடைய தம்பி கூப்பிட்டார். "நீங்களும் போடுங்க." அக்கா எனக்கு விட்டுப்போன வலது கையால் போட்டேன்.