கான்வாயில் வந்த கருகல் வாசம்

என் பழைய பிக்கப்பில் மீனுக்குக் குளிர்பெட்டி வைத்ததிலிருந்து பேட்டரி அடிக்கடி படுத்துக்கொண்டது. எரிச்சலில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் பெரியதாக ஒன்றை மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வரவழைத்து மாட்டினேன். அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் மெல்லிய பழைய வயர் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது; அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மனைவியோடு மாயாபந்தருக்கு மீன் எடுக்கக் கிளம்பினேன். வழியில் பழங்குடிகளின் காட்டை எல்லா வண்டிகளும் போலீஸ் காவலோடு ஒரே வரிசையில், கான்வாயாகத்தான் கடக்க வேண்டும். "பீச் மே காடி மத் ரோக்னா," என்றார் செக்போஸ்ட் போலீஸ்காரர். நடுவில் நிறுத்தக் கூடாது.

பாதிக் காட்டில் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, ஏதோ கருகுது."

டேஷ்போர்டு இடுக்கிலிருந்து புகை நூலாகக் கசிந்தது. குளிர்பெட்டியை அணைத்தேன். நாற்றம் போகவில்லை. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டே வந்தது. நிறுத்தினால் போலீஸ், நிறுத்தாவிட்டால் தீ.

"நிறுத்துங்களேன்," என்றாள்.

"வாய மூடிட்டு உக்காரு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவழியாகக் காடு முடிந்தது. வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் திறக்க அவசரமாக இறங்கப் போனேன். ஏதோ என்னைப் பின்னுக்கு இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். குதிக்கத் தயாராக அவளுடைய ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. மறு கை, காட்டுக்குள்ளிருந்தே போல, என் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தது.