கரும்பு எஞ்சினுக்கு நெருப்பு மூட்டிய எஸ்தர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று ஓரிக்கையில் என் லேத் பட்டறையை அறியாதவன் கிடையாது. ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை இழுத்துவிட்டுத் துருப்பிடித்துக் கிடந்த குட்டி நீராவி எஞ்சினை வர்த்தமான் முதலாளி தன் தோப்பில் தண்டவாளம் போட்டு ஓட்டுவதற்காக வாங்கியதும் என்னைத்தான் தேடி வந்தார். சக்கரம் முதல் பாய்லர் குழாய் வரை நானே புதுப்பித்தேன்.

நெருப்புப் போட மட்டும் எஸ்தரை அழைத்தேன். மாகறலில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அரிசி ஆலைக்கு உமி அள்ள வந்து, அங்கேயே பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உயர்ந்தவள்.

முதல் ஓட்டத்தன்று நல்ல நேரம் பிறந்த பிறகே நெருப்பு மூட்டவேண்டும் என்றார் முதலாளி. அந்த நேரம் முடிவதற்குள் எஞ்சின் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறவும் வேண்டுமாம். நீராவியோ எழவில்லை.

"விறகை அள்ளிப் போடும்மா, நேரம் போவுது!"

"இரும்பு மெதுவாத்தான் சூடேறணும் சார். அவசரப்பட்டா குழாய் மூட்டெல்லாம் விட்டுக்கும். பட்டறைக்காரரு என்னைச் சும்மா விடுவாரா?"

"விடமாட்டேன்" என்றேன்.

"அப்போ நல்ல நேரம்?" என்றார் முதலாளி.

"பழம் நசுங்கணும், அவ்ளோதானே? தள்ளுங்க சார். இத்தனை பேரு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்களே!"

முதலாளியும் விருந்தாளிகளும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள். பழம் நசுங்கியது.

பிற்பகலில் நீராவி நிறைந்தது. என் மூட்டுகளில் ஒரு சொட்டுக் கசிவில்லை. நான் ஓட்டினேன், எஸ்தர் விறகு போட்டாள். தண்டவாளத்தின் கடைசிவரை போய்த் திரும்பினோம்.

முதலாளி ஏற வந்தார்.

"வேட்டியில கரி ஒட்டிக்கும் சார்" என்றாள் எஸ்தர்.

"தள்ளச் சொல்லி ஏற்கெனவே ஒட்டவெச்சிட்டியே, நகரும்மா" என்று ஏறிக்கொண்டார்.