ஆணி அறையாத வன்னி மரங்கள்

பஹ்ரைனின் மனாமா நகரில், குதைபியாவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். வன்னியை நான் கோயில் பிரகாரத்தில் மட்டுமே கண்டிருந்தேன்: ஒற்றை மரம், சுற்றிலும் மேடை, எதிரே ஓர் அகல். அதே மரம் ஓமானில் ‘காஃப்’ என்ற பெயரில் காடாகவே நிற்கிறது என்று சோஹாரில் பணிபுரியும் என் மகள் மங்கை சொன்னாள். பாலைத் திணையைப் பாட்டில் படித்தே கிழவனான எனக்கு, அதைக் காலால் மிதித்துப் பார்க்கும் ஆசை பிறந்தது. சென்ற மாசியில், சிவராத்திரிக்கு முந்தைய வாரம் புறப்பட்டேன். இதைச் சினத்தோடுதான் எழுதுகிறேன். வழி விவரம் மட்டும் வேண்டுவோர் பொறுத்தருள்க.

பஹ்ரைனிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம். அங்கிருந்து சோஹாருக்குப் பேருந்தில் மூன்றேகால் மணி நேரம், நான்கு ரியால். மறுநாள் காலை 7.20க்கு மங்கையோடு வாடகைக் காரில். போக வர இருபத்தைந்து ரியால். புரைமி சாலையில் 64 கிலோமீட்டர், பிறகு மண் பாதையில் ஒன்பது. ஓட்டுநர் யோகன் சாவகச்சேரிக்காரர்.

“அங்க மணலும் ஆடும்தான் கிடக்கு ஐயா. என்னத்தைப் பாக்கப் போறியள்?”

“மரத்தை.”

“மரத்தைக் கும்பிட இருபத்தஞ்சு ரியால் குடுக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்!”

மங்கையின் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மரமும் நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் குறித்து, அதற்கு மிக அருகில் உள்ள மரம் எவ்வளவு தொலைவு என்று கணக்கிடுகிறாள். விதை விழுந்து தானாக முளைத்த காடு கூட்டம் கூட்டமாக நிற்கும். மனிதன் நட்டது சம இடைவெளியில் நிற்கும். இயற்கைக் காடு என்றால் அதன் நடுவே வரவிருக்கும் சாலை விலக வேண்டும். நட்ட தோப்பு என்றால் வெட்டிவிடலாம். அறிக்கை அன்று மாலை நான்கு மணிக்குள் போயாக வேண்டும். அதுவரை அவளை அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டு, கடைசி நாளில்தான் காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

8.50க்குச் சேர்ந்தோம். நெடிய தாய்மரம், அதன் காலடியில் மூன்று நான்கு சிறியவை. நாற்பது அடி வெறும் மணல். மறுபடி ஒரு கூட்டம். அடியார் குழாம் போல நின்றன. கண் கலங்கினேன். ஒரு சுற்று சுற்றி வந்தபின் மங்கை திரையில் வரைபடத்தைக் காட்டினாள். அறுபத்து மூன்று புள்ளிகள், படை அணிவகுத்தது போல, சம இடைவெளியில்.

“இதை எண்ணியது யார்?” என்றேன்.

எண்ணியவர் அங்கேயே சுத்தியலோடு நின்ற முருகையா, முதுகுளத்தூர்ப் பக்கத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். மரத்துக்கு மரம் எண் தகட்டை ஆணியால் அறைவதும் படம் எடுப்பதும் அவர் பணி. கயிற்றில் கட்டினால் ஆடு தின்றுவிடும். தகட்டோடு படம் இல்லையென்றால் அந்த மரமே இல்லை என்பது அலுவலக விதி.

“சாமி மரத்துல ஆணி அடிக்கக் கை வரலைங்கய்யா. வேலையும் போயிறக் கூடாது. அதான் கூட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணுல அடிச்சு, விபூதி பூசி மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். மத்தத விட்டுட்டேன்.”

கூட்டத்துக்கு ஒன்று! கூட்டமே மறைந்து, காடு தோப்பாகிவிட்டது. அப்போது மணி 10.40. என் வாழ்நாளில் எவரையும் அப்படி ஏசியதில்லை. பக்தியின் பெயரால் சோம்பல், மூடத்தனம், சிவத்துரோகம் என்று அடுக்கினேன். மங்கை இருமுறை தடுத்தாள்: “அப்பா, போதும்! டைம் போகுது.” நான் நிறுத்தவில்லை. முருகையா சுத்தியலை என் முன் நீட்டினார்.

“சரிங்கய்யா, தப்புதான். நீங்க அடிங்க பார்ப்போம்.”

சுத்தியலை வாங்கினேன். வாயில் ஐந்தெழுத்தோடு முதல் ஆணியை நான்தான் அறைந்தேன். இரண்டாவதை அவர் அறைந்தார். “கலாஸ், முடிஞ்சுது ஐயா, இனி ரெண்டு பேருக்கும் ஒரே நரகம்தான்” என்று யோகனும் தகடு எடுத்துத் தர வந்தார். மணி 11.20. மூன்று மணிவரை நூற்று எழுபத்தெட்டு மரங்கள். அதற்கு மேல் நேரமில்லை. கிழக்கு ஓரத்தில் இரண்டு கூட்டங்கள் மட்டும் பழையபடி ஒற்றைத் தகட்டோடு மிஞ்சின. 3.50க்கு அறிக்கை போயிற்று. புள்ளிகள் இப்போது கொத்துக் கொத்தாக இருந்தன.

சாலையை விலக்க ஒப்புக்கொண்டார்கள். விலக்கியது கிழக்கு நோக்கி. வரைபடத்தில் அங்கே தனித்து நின்றவை இரண்டே மரங்கள். வெட்டப்பட்டவை பத்தொன்பது. ஆணியை நம்பி மரத்தை நம்பாத அந்த அலுவலகத்தின் மீது என் சினம் இன்றும் ஆறவில்லை. ஆனால் முருகையாவை நான் ஏசிய நாற்பது நிமிடம் போதும், அந்தப் பத்தொன்பதையும் எண்ணியிருக்கலாம். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. தொலைபேசியில் “சாப்டீங்களாய்யா?” என்றுதான் கேட்கிறார்.

செல்வோர் பங்குனிக்குள் செல்க. ஆளுக்கு நான்கு லிட்டர் நீர் வேண்டும். மண் பாதைக்கு உயரமான வண்டியே ஏற்றது. கிளையில் துணி கட்டாதீர்கள், ஆடு தின்று சாகும். தகடு இல்லாத வன்னி கண்ணில் பட்டால், கைகூப்புவதற்கு முன்பு அது நிற்கும் இடத்தைக் குறித்து மங்கைக்கு அனுப்புங்கள்.