எல்லாருக்கும் மூச்சு இருபது

ஜெபராணி போய்விட்டாள். நேற்று மதியம் இரண்டு மணிக்கு. அவள் நாலு வருடம் வேலை பார்த்த எங்கள் ஆஸ்பத்திரியிலேயே.

நிமோனியா என்று எழுதியிருக்கிறார்கள். வயது முப்பத்துநாலு.

அதற்குள் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. "எங்கள் குடும்பத்தின் கண்மணி"யாம். அந்தக் கண்மணியின் வகுப்பை நிறுத்தி அட்மிஷன் டெஸ்க்கில் உட்கார வைத்ததும் இதே குடும்பம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். விரல் நசுங்கினவர்கள், ஷிஃப்டில் மயங்கி விழுந்தவர்கள், ஹாஸ்டல் ரூமில் நாலு நாள் காய்ச்சலோடு கிடந்துவிட்டு வருகிறவர்கள். நான் அங்கே பதினாறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஜெபராணி எங்களுக்குப் பாடம் எடுக்க வந்த நர்சிங் எஜுகேட்டர். திருச்செந்தூர் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.

பழக்கத்தில் செய்யாமல் ஆதாரம் பார்த்துச் செய்வது, செய்ததைக் கம்ப்யூட்டரில் உள்ளபடி பதிவது... இதுதான் அவள் பாடம். முதல் நாளே நான் எகிறினேன். "ஊசி போட்டுப் போட்டு கை தேஞ்சி கீது. எங்களுக்கு இன்னா புதுசா சொல்லப் போற?"

அவள் எங்கள் வார்டின் ஒரு வார ரெக்கார்டை பிரின்ட் எடுத்து மேசை முழுக்கப் பரப்பினாள். எல்லா நோயாளிக்கும், எல்லா ஷிஃப்டிலும், நிமிடத்துக்கு மூச்சு இருபது.

"ஏன்க்கா, இந்த வார்டுல எல்லாரும் பேசி வச்சா மூச்சு விடுதாவ?" என்றாள்.

சிரித்துவிட்டோம். விஷயம் எங்களுக்குத் தெரியாதா என்ன... பிபியை மெஷின் காட்டும், ஜுரத்தை மெஷின் காட்டும். மூச்சை மட்டும் நாம்தான் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். யாருக்கு நேரம்? கம்ப்யூட்டரில் காப்பி பட்டன் ஒன்று இருக்கிறது. அமுக்கினால் போன ஷிஃப்டில் எழுதினது அப்படியே இந்த ஷிஃப்டுக்கும் வந்துவிடும்.

அந்தப் பட்டனைப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தவள் நான். இதை மறைத்துவிட்டு அவளுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உடம்பு கெடும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான், பிபி அப்புறம்தான் விழும் என்பாள். அதற்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எடுத்து வந்து, எங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்வாள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் விடமாட்டாள். ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும், இருபதைத் தாண்டினாலே உஷாராக வேண்டும்.

அந்த மாதமே ஒரு வெல்டருக்கு எண்ணினேன். பிபி நார்மல், மூச்சு முப்பது. டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் பத்து நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். அதோடு நான் ஜெபா கட்சி.

காப்பி பட்டனை எடுத்துவிடுங்கள் என்று மேனேஜ்மென்டிடம் எழுதியே கேட்டாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆடிட்டில் மாட்டுவோம் என்றார்கள். பொய்யால் நிரம்பியிருந்தால் பரவாயில்லையாம்.

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது, ஆஸ்பத்திரியின் தரத்துக்குக் கிடைத்த சர்ட்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டினார்கள், வகுப்பு நின்றது. நர்ஸ்களையும் குறைத்தார்கள். நடக்காத வகுப்புக்கு எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன். ஜெபா போடவில்லை. அதற்குத்தான் அட்மிஷன் டெஸ்க்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை எங்கள் வார்டிலேயே படுத்தாள், ஒன்பதாம் பெட். நான் தங்கச்சி மகள் வளைகாப்புக்காக இரண்டு நாள் லீவு.

புதன் காலையில் வந்து பார்த்தால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை அவளால். மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினாள். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. திங்கள் 24. செவ்வாய் காலை 28. சாயங்காலம் 32. தன் மூச்சைத் தானே எண்ணியிருக்கிறாள், பாவி மகள்.

"சொன்னேன்க்கா... சிஸ்டத்துல... இருபதுதான் இருக்குன்னுட்டா..."

ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 20. 20. 20. 20.

உடனே ஐசியூவுக்கு மாற்றினோம். ஒரு நாள்தான் தாங்கினாள்.

டியூட்டியில் இருந்த பெண்ணைக் கிழித்துவிடலாம் என்றுதான் போனேன். இருபத்திரண்டு வயது. இருபத்துநாலு பெட்டுக்கு ஒற்றை ஆளாக நின்றிருக்கிறாள். அழுதுகொண்டே சொன்னாள், "நீங்கதான்க்கா அந்தப் பட்டன காட்டிக் குட்த்தீங்க."



நேற்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். அந்தச் சீட்டு ஃபைலில் இருக்க வேண்டுமாம், கொடுத்துவிடச் சொன்னார். கொடுக்கவில்லை. ஜெபாவின் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அது என்ன சீட்டு என்றும் சொல்லிவிட்டேன், பட்டனைக் காட்டிக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்து. இந்தப் பதிவுக்காக வேலை போனால் போகட்டும். கமென்டில் வந்து எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இன்று காலை டியூட்டிக்குப் போனேன். ஒன்பதாம் பெட்டில் புதிதாக ஓர் அம்மா. பட்டனைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன்.

இருபத்தாறு, ஜெபா. உள்ளபடி எழுதிவிட்டேன். டாக்டரையும் கூப்பிட்டுவிட்டேன்.

நீ போய் வா.