அக்கரைப் பாஷையும் என் வீட்டுக்காரரும்

ஐயா,

நேற்று நீங்கள் விசாரணைக்கு என்று வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். "ஒளிவுமறைவு இல்லாம எழுதுங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயமே வந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். நான் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் ஆற்றங்கரைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக விளையாட்டு வாத்தியார். பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பிள்ளைகள் வைத்த பெயரே 'சந்தேக சார்' தான். ஓட்டப் பந்தயம் என்றால் இரண்டு கையிலும் இரண்டு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்குமாம். நான் பூட்டிய பூட்டைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். இவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது மெடல் குத்தியிருக்க வேண்டும்.

போன வருடம் நம் நாட்டுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆனது உங்களுக்கே தெரியும். இரண்டு கரையிலும் ஒவ்வொரு பள்ளியில் அடுத்தவர் பாஷையைச் சொல்லித்தர வேண்டும், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டும், இவர்களாவது புரிந்துகொள்ளட்டும் என்று உத்தரவு. எங்கள் பள்ளிக்கு அந்தப் பாஷை படித்த ஒரு டீச்சர் வந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் நம் நாட்டில்தான். ஊர் விடுமா? 'அக்கரை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் கொடுக்கிற நோட்டை மட்டும் மளிகைக்கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

புரிந்துகொள்ளச் சொன்ன உத்தரவோடு, கண்காணிக்கச் சொன்ன உத்தரவும் அதே கவரில் வந்ததாம். ஹெட்மாஸ்டர் இவரைக் கூப்பிட்டார்.

"நீங்க கடைசி பெஞ்சுல உக்காருங்க சார். வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதி மேல அனுப்பணும்."

"எனக்கு அந்தப் பாஷையே தெரியாதே சார்."

"தெரியாதவங்களத்தான் சார் நம்ப முடியும்."

ஆனால் இவர் இவராயிற்றே. புரியாமல் உட்கார்ந்திருந்தால் கண்ணெதிரே ஏமாற்றிவிடுவார்கள் என்று பயம். டீச்சரைப் பிடிப்பதற்காகவே பாஷையைப் படிக்க ஆரம்பித்தார். ஷேவிங் செய்யும்போது வார்த்தை, செருப்பு மாட்டும்போது வார்த்தை. அந்த வகுப்பு நாட்களில் தலையையும் கொஞ்சம் அழுத்திச் சீவினார். எனக்கு மட்டும் சந்தேகம் வராதா? ஒரு வாரம் அவர் சட்டைப் பைகளைத் துழாவினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிடைத்ததெல்லாம் வார்த்தைப் பட்டியல்தான்.

மூன்றாவது மாதம் பிள்ளைகள் அக்கரைப் பள்ளிக்கு அனுப்ப அந்தப் பாஷையிலேயே கடிதம் எழுதினார்கள். 'வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வருகிறேன்' என்பது தலைப்பு. இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பத்திரண்டு பேரும் எழுதியிருக்காங்க. பாலம், தண்ணி டேங்க், போலீஸ் ஸ்டேஷன். இத்தனை அடி நடந்து எந்தப் பக்கம் திரும்பணும்னு வேற. ஊரோட மேப்பே போகுது!"

"புள்ளைங்க வழிய எழுதச் சொன்னா வேற என்னத்த எழுதும்? ஆகாசத்துல பறந்தா வருதுங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. ஒருத்தன் எழுதுறான், 'போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல காத்திருப்பேன்'னு. எதுக்குக் காத்திருக்கணும்?"

அப்படிக் கேட்டதும் எனக்கும் உள்ளே சுருக்கென்றது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அறிக்கை மேலே போன நாலாம் நாள் கடிதங்களை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். வகுப்பு நின்றது. டீச்சரை மாவட்டப் புத்தகக் கிடங்குக்குத் தூக்கி அடித்தார்கள். என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த உடுப்பை வாங்கிப்போக அவர் வந்தார். இரண்டு கையும்தான் இன்னும் வைத்துத் தைக்கவில்லை, ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றேன். "இருக்கற வரைக்கும் போதும், குடுத்துடுங்க" என்று சொல்லி, அப்படியே சுருட்டிக்கொண்டு போய்விட்டார். என் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அன்று எனக்கு மிஷினில் உட்காரவே பிடிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அக்கரைப் பிள்ளைகளின் கடிதக் கட்டு வந்தது. எத்தனை அலுவலகம் பிரித்துப் பிரித்து ஒட்டியதோ, கவர் முழுக்கப் பசை. நம் பிள்ளைகள் படித்துப் பழகட்டும் என்று தங்கள் பாஷையிலேயே எழுதியிருந்தார்கள். "உங்கள விட்டா யாரு சார் இருக்கா? இதுல என்ன விஷமம் இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று ஹெட்மாஸ்டர் அதை இவர் தலையில் கட்டினார். டீச்சர் விட்டுப்போன அகராதியோடு எங்கள் சாப்பாட்டு மேஜையில் பதினோரு நாள் உட்கார்ந்தார். தன் படிப்பின் மேலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று தடவை பார்த்தார்.

அவர்களுக்கும் அதே தலைப்புதான். ஒரு சிறுமி எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்:

'நான் வரும் வழியில் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று எழுதக்கூடாது என்று எங்கள் வகுப்பில் கடைசியில் உட்காரும் மாமா சொல்லிவிட்டார். அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பள்ளி. அதன் கீழே தண்ணீர் ஓடும். நீயே கண்டுபிடித்துவிடுவாய். உங்கள் வகுப்பிலும் ஒரு மாமா உட்கார்ந்திருக்கிறாரா?'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் சிரிக்கவில்லை.

"அங்கயும் ஒருத்தன் உக்காந்திருக்கான்" என்றார்.

"அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா, பாவம்" என்றேன்.

அப்புறம் தன் பழைய நோட்டை எடுத்தார். அறிக்கைக்காக நம் பிள்ளைகள் எழுதியதில் சிலதை அப்படியே பார்த்து எழுதி வைத்திருந்தார். அந்த போலீஸ் ஸ்டேஷன் வாக்கியத்தை அகராதியில் தேடினார். முழு வாக்கியம் இதுதான்: 'போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு நாய் இருக்கிறது, அது தூங்கும்வரை காத்திருப்பேன்.'

"நாய்ங்கற வார்த்தை அப்ப எனக்குத் தெரியாது" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

மறுநாள் புத்தகக் கிடங்குக்குப் போனார். அந்தப் பாஷையிலேயே மன்னிப்புக் கேட்டாராம். டீச்சர் கையிலிருந்த புத்தகக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வாக்கியத்தைத் திருத்தினாராம், மன்னிக்கவில்லையாம். "ஆறு மாசம் வகுப்புல உக்காந்திருந்தா நீங்க அந்த அறிக்கைய எழுதியிருக்க மாட்டீங்க சார்" என்று மட்டும் சொன்னாராம்.

அதன் பிறகுதான் உங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். என் அறிக்கை தப்பு, எனக்கு அரைகுறைப் பாஷைதான் தெரியும், டீச்சரைத் திரும்ப வகுப்புக்கு அனுப்புங்கள் என்று. நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"எழுதாதீங்க. உங்க வேலைக்கே உலை வெச்சுடுவாங்க."

"வெக்கட்டும். அந்தம்மா அங்க புத்தகம் எண்ணிக்கிட்டு இருக்காங்க."

அதற்குப் பதிலாக நீங்கள் வந்தீர்கள். டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூணு மாசந்தானே உக்காந்தாரு, இவ்வளவு பாஷை எப்படி வந்துச்சு? யாரு சொல்லிக்குடுக்கறா? குளிக்கும்போது என்னமோ பேசறாராமே?" என்றுதான் கேட்டீர்கள். சொல்லிக்கொடுத்தது ஓர் அகராதியும் உங்கள் உத்தரவும். குளிக்கும்போது பேசுவது உண்மை. என்ன பேசுகிறார் என்று நேற்று வரை எனக்கும் தெரியாது.

இன்று காலை குளியலறைக் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருடத்தில் அவரிடமிருந்து நான் கற்ற வித்தை அது ஒன்றுதான். வார்த்தைகளை நம் எழுத்தில் எழுதி எதிரே அர்த்தம் போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கேட்டதை அதில் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கிடைக்காமல், கையில் இருந்த தையலைப் போட்டுவிட்டு, உச்சரிப்பை நம் எழுத்திலும் போட்டிருக்கும் அந்த அகராதியை மதியம் வரை புரட்டினேன். பாதியில் நிறுத்தி உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அவர் சொல்வது ஒரே வாக்கியம். டீச்சர் திருத்திக்கொடுத்தது. 'நான் பாதி படித்துவிட்டு முழுதாக எழுதிவிட்டேன், என்னை மன்னியுங்கள்.' உச்சரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அவர் வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை ஐயா. சீருடை தைத்து மட்டும் ஒரு வீடு ஓடாது. ஆனால் இந்த வாக்கியத்தைக் குற்றம் என்று என் கையால் எழுதித் தர மாட்டேன்.