தொண்ணூறு கிலோ கணவர்

தெருவில் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலெக்ட்ரிக் சைக்கிள் மோட்டார் செய்கிறவர்கள் பெட்டிமேல் என்ன வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும். அது நிஜமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. எந்தக் கம்பெனிக்கும் அவள் ஆள் இல்லை. அதனாலேயே கடைக்காரர்கள் அவள் எழுதிக் கொடுக்கும் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் மோட்டாரை இரும்பு மேசையில் பூட்டி, ஓடவிட்டு, பிரேக் பிடித்து, சூட்டையும் சக்தியையும் அளப்பாள். கடைசிச் சோதனைதான் கூத்து. பெடலைத் தொடாமல், தொண்ணூறு கிலோ ஆளை மேம்பால ஏற்றத்தில் அறுபது விநாடிக்குள் மோட்டார் மேலே சேர்க்க வேண்டும். அந்தத் தொண்ணூறு கிலோ, தையல்காரரான அவள் கணவர். கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்க்கப் பேருந்துகள்கூட மெதுவாகப் போகும்.

அன்று வந்தது அவள் தம்பியின் மோட்டார். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. தேறினால் ஒரு பெரிய கடை எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போக வேண்டியதுதான்.

பாலத்தின் உச்சியில் அவள் கடிகாரத்தை நிறுத்தினாள். "ஐம்பத்தி நாலு!"

இதுவரை எந்த மோட்டாரும் ஐம்பத்தாறுக்குக் கீழே வந்ததில்லை. தம்பி மாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவரை எவனாவது தூக்கிச் சுற்ற முடியுமா?

"ஏங்க, மறுபடி சைக்கிள்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். பின் டயர் வழக்கமாக நசுங்குகிற அளவுக்கு நசுங்கவில்லை. வீட்டுக்கு இழுத்துவந்து தராசில் நிறுத்தினாள். எண்பத்தொன்று.

"நாலு மாசமா சாப்பாட்டைக் குறைச்சுட்டேன்," என்று தலையைச் சொறிந்தார். "உன் பொறந்தநாளுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"பேன்ட் தொளதொளன்னு ஆகலையே?"

"வாராவாரம் பிடிச்சுத் தச்சுக்கிட்டேன்ல!"

தம்பி கெஞ்சினான். "அக்கா, ஒம்பது கிலோதானே, யாருக்குத் தெரியப்போகுது? நான் உன் கூடப்பொறந்தவன்க்கா!"

"எனக்குத் தெரியுமேடா. கூடப்பொறந்தவன்தானே, போய் மணல் மூட்டையை நீயே தூக்கிட்டு வா."

பேட்டரியை நிரப்பி, ஒன்பது கிலோ மணலை மாமாவின் முதுகில் கட்டி, மறுபடி ஏற்றினார்கள். பாதியில் மோட்டார் முனகியது. தம்பி கூடவே ஓடினான். சைக்கிளைத் தள்ளிவிடக் கூடாதென்று, அக்கா உத்தரவுப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"போ ராசா, போ! மாமா, மூச்சை இழுக்காதீங்க, கனம் கூடிடும்!"

"நீ வாயை மூடு மாப்ள, சிரிச்சு விழுந்துருவேன்!"

கடிகாரம் நின்றது. ஐம்பத்தொன்பது.

தம்பி நடுப்பாலத்தில் மண்டியிட்டு மணல் மூட்டைக்கு முத்தம் கொடுத்தான். அவள் தாளில் "59, தேறியது" என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. நான்கு மாதத்தில் இவர் ஏற்றிப் பார்த்த மோட்டார்கள் இன்னும் பதினொன்று.

"நாளையிலேருந்து பதினொண்ணையும் திரும்ப ஏத்தணும். முதல்ல எல்லாருக்கும் போன் போட்டு என் தப்பைச் சொல்றேன்."

"மூட்டையோடயா?" என்றார் கணவர், பாவமாக.

"மூட்டையோடதான்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆனா, பாக்க நல்லாத்தான் இருக்கீங்க."