செருப்பை இங்கன விடுங்க

திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் உமாராணி கருப்பட்டி மிட்டாய்க் கடை வைத்திருக்கிறாள். மிட்டாய் வாங்குங்கள் என்று அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. “செருப்ப இங்கன விட்டுட்டுப் போங்க, காசு வேண்டாம்” என்பாள். செருப்பை விட்டவர் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்? வந்தவர் வெறுங்கையோடு போகக் கூசுவார். அந்தத் தெருவின் பாதி வியாபாரம் இந்தக் கூச்சத்தில்தான் ஓடுகிறது என்பது என் கட்சி.

அதில்தான் மண் விழுந்தது. மாமியார் இறந்து, காரியம் முடியும்வரை கடை அடைத்திருந்த சமயம், எந்தப் புண்ணியவானோ போன் மேப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போட்டுவிட்டான். மேப்பைப் பார்த்து வருகிற வெளியூர்க்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கந்த சஷ்டிக்குள் சரியாகாவிட்டால் கடையைச் செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விடப்போவதாகக் கணவர் வன்னியபெருமாள் சொல்லிவிட்டார். கடை இல்லாமல் வீட்டில் உட்காருவது உமாராணிக்கு ஆகாத காரியம்.

தூத்துக்குடியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

மண்டபம் நிறைய ஸ்டால்கள். மேப்பைச் சரிசெய்து தருவோம் என்று போர்டு வைத்திருந்த ஸ்டாலில் சாயர்புரத்துப் பெண் ஜெப்ஸி ஒருத்திதான் இருந்தாள்; வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். காத்திருக்க வேண்டும். மேசைக்கு முன்பக்கம் நிற்பது உமாராணிக்குப் பழக்கமில்லாத காரியம். கால் தானாகச் சுற்றிப்போய் மேசைக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் அவளை உட்கார்த்திவிட்டது. கால் செய்ததை வாயும் செய்தது. நோட்டீஸ் பைகளைச் சுமந்துகொண்டு வியர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்தார்.

“அண்ணாச்சி, பைய இங்கன வச்சிட்டுப் போங்க, காசு வேண்டாம்.”

அவர் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வைத்தார்கள். மேசைக்கடியில் கால் நீட்ட இடமில்லை. யார் இந்த அம்மாள் என்று ஜெப்ஸிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பையை எடுக்க வந்தவர்கள் சும்மா போகக் கூசி, இங்கே என்ன செய்துகொடுக்கிறீர்கள் என்று கேட்டு நின்றார்கள். ஜெப்ஸி சாயங்காலம்வரை வாய் ஓயாமல் பேசினாள். உமாராணியின் காரியத்துக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு ஊரார் பையைக் காக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

கூட்டம் வடிந்ததும் ஜெப்ஸி அவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, கடை இன்னைக்குத் தொறந்திருக்குன்னு ஒரு போட்டோ வேணும். போர்டும் ஆளும் தெரியணும்.”

உமாராணி கடையைப் பூட்டிவிட்டல்லவா வந்திருக்கிறாள்! இன்னொரு சாவி வன்னியபெருமாளிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டு, ஒரு நிமிடம் திறந்து போட்டோ எடுத்துவிட்டு அடைத்துவிடும்படி கெஞ்சினாள். அந்தப் பக்கம் ஒரே சத்தமாக இருந்தது.

“ஏளா, நாலு மணிக்கே தொறந்துட்டேன். அந்தச் செல்போன் கடைக்காரன் எடத்த அளக்க வாரேன்னான். அவன் வாரதுக்குள்ள ஒரு பஸ் ஆளுக செருப்ப விட்டுட்டுக் கோயிலுக்குப் போயிட்டாவ. அளக்க எடமில்லன்னு அவன் திரும்பிப் போயிட்டான். அவங்க வாரவரைக்கும் நான் எப்படி அடைக்க? அரைக்கிலோ பொட்டலம்லாம் எங்கன வச்சிருக்க?”

மேல் தட்டில் என்று சொன்ன உமாராணி, பொட்டலத்தின் விலையையும் இரண்டு தடவை சொன்னாள். போட்டோ வந்தது. போர்டும் வன்னியபெருமாளும் தெரிந்தார்கள், கடையின் தரை மட்டும் தெரியவில்லை.